கிரெனின் வலது கண்

வின்சென்ஸ் கிரெனுக்கு உருப்படியாக இருந்தது ஒரு கண்தான், வலது கண். இடது கண்ணைப் பத்தொன்பதாவது வயதில் பறிகொடுத்தான். நிலம் அளக்கும் கருவிகள் செய்கிற பட்டறையில் கடைசல் இயந்திரத்திலிருந்து தெறித்த பித்தளைத் துணுக்கு ஒன்று அதைக் கொண்டுபோயிற்று. ஒரு கண் போனால் மற்றது கூர்மையாகும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, கிரென் விஷயத்தில் அது மெய்தான். முர் ஆற்றுப் பாலத்தில் நின்றபடி, மேலே குன்றின் மணிக்கூண்டில் நிமிட முள் நகர்கிற கணத்தைச் சொல்வான். சந்தையில் பூசணி விதை எண்ணெய் விற்கிற பெண்கள் அவன் வருவதைக் கண்டால் குப்பியைத் துணியால் மறைத்துக்கொள்வார்கள், கலப்படத்தைக் கண்டுவிடுவான் என்று.

பீர் ஆலை முதலாளி ஹாலெக் சாகும்போது எழுதிவைத்த சொத்தில் கட்டிய இயற்பியல் கூடத்தில் அவன் வேலையாள். கரி சுமப்பது, பாதரசம் வடிகட்டுவது, கண்ணாடிக் குழாய் கழுவுவது, மாணவர்கள் உடைத்ததை ஒட்டுவது, இவ்வளவும் அவன் தலையில். சம்பளத்தோடு கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு அறைகள் கிடைத்தன. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன் இருந்ததால் அறைகள் எப்போதும் உலர்ந்து கதகதப்பாக இருந்தன. அதுதான் முக்கியம். அதற்கு முன்னால் குடியிருந்த ஆற்றோர வீட்டின் ஈரத்தில்தான் அவர்களுடைய ஒரே பெண் குழந்தை நெஞ்சுச் சளியில் போனது. மனைவி நோட்புர்காவுக்கும் அதே நெஞ்சு. "இந்தப் பொம்பளையை இனிமே ஈரத்துல வச்சா ஒரு குளிர்காலம்கூடத் தாங்க மாட்டா" என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேலைக்கு ஆகாதவன் அந்த மாத முடிவில் அறைகளைக் காலி செய்ய வேண்டும் என்பது கூடத்தின் விதி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கிரெனை நாம் திட்ட வேண்டும். நானும் திட்டியிருக்கிறேன்.

வேலையாளை அளவு பார்க்க உட்கார்த்தியது ஒரு தற்செயல். கூடத்தின் தலைவர் புரொபசர் வைடிங்கர் எண்ணெய்த் துளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பித்தளைத் தட்டுகள், நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி. மேலிருந்து எண்ணெயைப் பனிபோலத் தெளித்தால் ஒரு துளியாவது உள்ளே இறங்கும். பக்கத்திலிருந்து விளக்கை அடித்து, சிறு தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் அது கருப்பு வானத்தில் ஒற்றை நட்சத்திரம். அந்தத் துளியில் துளி மின்சாரம் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டுகளில் மின்சாரம் பாய்ச்சி அதை அந்தரத்தில் நிறுத்தலாம். நிறுத்திவிட்டு, விசையைத் திறந்து மின்சாரத்தை அறுத்தால் துளி விழ ஆரம்பிக்கும். தொலைநோக்கிக் கண்ணாடியில் கீழே கீறியிருக்கிற கோட்டைத் தொட எத்தனை நொடி என்று தெரிந்தால் துளியின் எடை தெரியும். எடை தெரிந்தால், அதைத் தாங்கிப்பிடித்த மின்சாரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். சொல்லக் கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் மாணவர்கள் எவனாலும் ஒரு துளியைப் பத்து நிமிடத்துக்கு மேல் கண்ணில் பிடித்துவைக்க முடியவில்லை. ஒருநாள் கரிவாளியோடு வந்த கிரெனை, "நீதான் பாரேன்" என்றார் புரொபசர் சலிப்போடு. அவன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் இல்லையா, ஒன்றரை மணி நேரம் ஒரே துளியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அன்று முதல் காலையில் கரி, பத்து மணிக்குமேல் துளி.

சண்டை எதைப் பற்றி என்றால், மின்சாரம் தானியமா மாவா என்பது. அமெரிக்காவில் ஒருவர் அது தானியம்தான் என்று நிரூபித்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. எந்தத் துளியை எடுத்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுசு முழுசாகத்தான் இருக்குமாம். குருணை கிடையவே கிடையாதாம். வைடிங்கரோ, அது மாவுதான், எவ்வளவு சிறிதாகவும் உடைக்கலாம் என்று பல வருஷங்களுக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டவர். படித்தவர்களுக்குள் வருகிற சண்டை கோவில் திருவிழாச் சண்டையைவிட மோசம். மாவு என்று சொன்னவர்கள் தானியக்காரர்களின் பெயரைக் கேட்டாலே சூப்பைத் தள்ளி வைத்தார்கள்.

ஆனால் வைடிங்கரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. தான் விரும்பினதைத் தன் கண்ணே தனக்குக் காட்டிவிடும் என்று பயந்த மனிதர் அவர். அதனால்தான் மூன்று விதிகளை எழுதிக் கொடுத்து, அவற்றைப் பலகையில் தீட்டி ஆய்வறைச் சுவரில் மாட்டச் சொன்னார். தீட்டியது கிரென்தான். ஒன்று, பார்ப்பவன் கணக்கை அறியக் கூடாது. இரண்டு, கணக்கு எழுதுபவன் உள்ளே பார்க்கக் கூடாது. மூன்று, காலையில் நிறுத்துகடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் வேலை தொடங்கக் கூடாது. கிரென் திரைக்குள் உட்கார்ந்து நொடிகளை மட்டும் சொல்வான். திரைக்கு வெளியே துணை ஆய்வாளர் டாக்டர் ஓட்மார் ரீகர் எழுதிக்கொள்வார். ரீகருக்கு முப்பது வயது, மெலிந்த உடம்பு, பென்சிலைக் கடிக்கிற பழக்கம். கணக்கில் என்ன வருகிறது என்று கிரெனுக்குத் தெரியாது. உள்ளே என்ன தெரிகிறது என்று ரீகருக்குத் தெரியாது. ஒருவர் கண்ணை இன்னொருவர் சோதிக்கவே முடியாத இந்த ஏற்பாட்டைத்தான் அவர்கள் நேர்மை என்று அழைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் அப்படிப் பார்த்தார்கள். துளிகள் முழுசு முழுசாகவே வந்தன. 1912 மார்ச்சில் புரொபசர் முகம் கருத்துப்போய், "நான் சொன்னது தப்புன்னு எழுதவேண்டி வரும்போல" என்று ரீகரிடம் முணுமுணுத்ததைக் கிரென் காதால் கேட்டிருக்கிறான்.

ஏப்ரல் பதினேழாம் தேதி கிரகணம். முக்கால் சூரியன் மறையும் என்று பத்திரிகைகள் எழுதின. கூடத்து முற்றத்தில் புரொபசர்களின் மனைவிமார், ஹாலெக் குடும்பத்தார், ஆயரின் செயலாளர் என்று ஊரின் பெரிய மனிதர்கள் கூடினார்கள். கிரென் முந்தின நாள் முழுக்க மெழுகுவர்த்திப் புகையில் கண்ணாடித் துண்டுகளைக் காட்டிக் காட்டிக் கரியேற்றினான். நாற்பது துண்டுகள், ஓரத்தில் காகிதம் ஒட்டி, கை படாமல். அழைக்காதவர்களும் வந்ததால் எல்லாம் தீர்ந்துவிட்டது. தனக்கென்று வைத்திருந்ததை நோட்புர்காவிடம் கொடுத்துவிட்டு, முதலில் கரியேற்றிப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு துண்டை எடுத்துக்கொண்டான். கரி மெல்லியது, அதுவும் விரல் பட்டு ஒரு கீற்று அழிந்திருந்தது.

மற்றவர்கள் பார்த்தார்கள், ஆஹா என்றார்கள், காபி குடிக்கப் போனார்கள். கிரெனுக்குப் பழக்கம் வேறு. நிலவின் விளிம்பு சூரியனைத் தொடுகிற கணம், விடுகிற கணம் இரண்டையும் நொடி பிசகாமல் பிடிக்க வேண்டும் என்று கையில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றான். யாரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி கொடுத்தவன், தேர்ந்த பார்வையாளன், சூரியனையும் ஒரு துளியாக நினைத்துவிட்டான். விளிம்பு தெளிவாகத் தெரியவில்லை என்று கடைசியில் கண்ணாடியைக்கூட விலக்கினான்.

சாயங்காலம் பார்வையின் நடுவில் பச்சையாக ஒரு காசு மிதந்தது. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தான். காலையில் பச்சை போய்விட்டது, காசு போகவில்லை. சாம்பல் நிறத்தில் அங்கேயே இருந்தது. எதை நேராகப் பார்த்தாலும் அது மட்டும் காணாமல் போயிற்று, சுற்றியிருப்பதெல்லாம் தெரிந்தது. அந்த வாரம் எங்கள் ஊரில் பலபேர் இப்படிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனார்கள். கிரென் போகவில்லை. போனால் அடுத்த நாளே கூடத்துக்குத் தெரிந்துவிடும்.

நோட்புர்கா மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேஜையில் அவளுடைய தோளைப் பார்த்தே அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"யாருகிட்ட பேசற, வின்ஸ்? என் மூஞ்சி இங்க இருக்கு."

"தெரியும்" என்றான் அவன். "நேரா பாத்தா உன் காது தெரியுது, கொண்டை தெரியுது. மூஞ்சி இல்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு, கிரகணத்தன்று தன் கையிலிருந்த நல்ல கண்ணாடியைப் பற்றித்தான் முதலில் கேட்டாள், அதை ஏன் எனக்குக் கொடுத்தாய் என்று. யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் சமாளிக்கலாம் என்று கண்டுகொண்டான். நடமாட்டத்துக்கும் கரிக்கும் அது போதும். துளிக்கு அது போதவில்லை. தொடக்கத்தில் சிக்கல் இல்லை. துளி அந்தரத்தில் நிற்கும்போது விசையைத் திறக்கிற கையும் கடிகாரத்தை அமுக்குகிற கையும் அவனுடையவையே. கண்ணுக்கு அதில் வேலை கிடையாது. முடிவுதான் எமன். துளி கீழ்க்கோட்டை நெருங்கும்போது அவன் கோட்டைக் கூர்ந்து பார்ப்பான். கூர்ந்து பார்த்த உடனே சாம்பல் காசு அங்கே வந்து உட்காரும், துளி அதற்குள் மறையும். மறுபக்கம் வெளியே வந்த பிறகே அவன் கடிகாரத்தை நிறுத்துவான். சில நாள் ஒரு நொடி தாமதம், கண் சோர்ந்த நாட்களில் மூன்று, நான்கு. ஒரு நொடியில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று அவன் நினைத்தான். கணக்கு அவனுக்குத் தெரியாதே, விதி அப்படி.

ஜூன் மாதத்தில் புரொபசர் பத்து வயது குறைந்தவரைப்போல நடமாடினார். துளிகள் குருணையாக வர ஆரம்பித்திருந்தன. முக்கால், அரை, ஒன்றேகால் என்று ஒன்றோடொன்று ஒட்டாத அளவுகள். மின்சாரம் மாவுதான். ஏப்ரலில் கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்ததால்தான் உண்மை வெளிவந்தது என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். வேண்டியது கிடைத்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்.

ரீகருக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருமில்லாதபோது தனியாக வந்து, தானே பார்த்து, தானே எழுதி, நாற்பது துளிகள் அளந்தார். நாற்பதும் முழுசு. ஜூலைக் கடைசியில் அவற்றைப் புரொபசர் மேஜையில் வைத்தார். கிரென் அப்போது ஜன்னல் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

புரொபசர் தாள்களைத் தொடக்கூட இல்லை. உள்ளே பார்த்தவரும் நீங்கள், கணக்குப் போட்டவரும் நீங்கள், முழுசு வர வேண்டும் என்று ஆசைப்பட்டவரும் நீங்கள், இது செல்லாது என்றார். பிறகு கிரெனைக் கையால் காட்டினார். "அவன் கண்ணுக்குக் கணக்குத் தெரியாது. அதனால அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." கிரெனுக்கு முதுகு சிலிர்த்தது. வெட்கமா பெருமையா என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் புரொபசர் ஒருநாள் பசையும் தாளும் கொண்டுவரச் சொல்லி, ஆய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏதோ புத்தகம் கிழிந்திருக்கும் என்று கிரென் பசைக் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல வேலை தொடங்கியது. திரைக்கு வெளியிலிருந்து, எண்ணெய் தெளிக்கிற ரப்பர் உருண்டையை அழுத்துகிற சத்தம் கேட்டது. "தெளிச்சாச்சு" என்றார் ரீகர். கிரென் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். இப்போதெல்லாம் அவன் கண்ணில் எப்போதும் ஏதாவது புள்ளி மிதந்துகொண்டுதான் இருந்தது. எது துளி, எது கண்ணின் அழுக்கு என்று பிரிப்பதை அவன் கோடையிலேயே விட்டிருந்தான். ஒரு புள்ளியைப் பிடித்தான், விசையைத் திறந்தான், காத்திருந்தான், அமுக்கினான்.

"பதினெட்டு புள்ளி நாலு."

"இன்னொரு தடவை, கிரென்."

"பதினெட்டு புள்ளி ஏழு."

ஐந்து தடவை கேட்டார், ஐந்து தடவையும் சொன்னான். பிறகு ரீகர் திரையை விலக்கினார். அதுவரை அவர் அதை விலக்கியதே இல்லை. கையில் எண்ணெய்க் குப்பி இருந்தது, துடைத்து உலர்த்தியது.

"காலையிலேருந்து இதுல எண்ணெயே இல்ல. வெறும் காத்தைத்தான் அடிச்சேன்."

கிரென் கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார் ரீகர்.

"கிரகணத்துலேருந்து, டாக்டர்."

ரீகர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கிரெனுக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்க லேட்டா அமுக்கினா துளி மெதுவா விழுந்த மாதிரி ஆயிடும். மெதுவா விழுந்தா எடை கம்மி. எடை கம்மின்னா அதைத் தாங்கின மின்சாரமும் கம்மி" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஐயா குருணை குருணைன்னு குதிக்கிறாரே, அது உங்க கண்ணுல இருக்கற ஓட்டை."

கிரென் முதல்முறையாகக் கணக்கை அறிந்தான். தான் ஒரு நொடி என்று நினைத்தது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்தது. நோட்புர்காவின் நெஞ்சையும், ஆற்றோர வீட்டையும், குழந்தையையும் சொன்னான். ரீகர் எல்லாவற்றையும் கேட்டார். அறைகளைப் பிடுங்கக் கூடாது என்று நானே கேட்கிறேன், கரி வேலைக்கு இந்தக் கண் போதுமே என்றார். "ஆனா நான் சொன்னா பொறாமைன்னு நினைப்பார். உங்களைக் கூப்பிட்டுக் கேப்பார். அப்ப ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான்."

கிரென் தலையாட்டினான். அந்த நிமிடம் அவன் உண்மையாகவே ஒப்புக்கொண்டான் என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் புரொபசர் ரீகரைத் தாழ்வாரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, கிரெனை மட்டும் ஆய்வறைக்குள் கூப்பிட்டார். ஆய்வறை அடித்தளத்து அறைகளுக்கு நேர்மேலே இருந்தது. தரைப் பலகை வழியாக நோட்புர்கா இருமுவது கேட்டது. அந்த வருஷம் குளிர் முன்னதாகவே வந்துவிட்டது.

"உன் கண்ணு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்றார்."

ஆமாம் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்திருந்தது. கீழே இருமல் நிற்கவில்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஐயா" என்றான் கிரென்.

"அந்தப் பலகையைப் படி."

பலகை எதிர்ச்சுவரில் இருந்தது. கிரெனுக்கு அதன் சட்டம் தெரிந்தது, ஆணி தெரிந்தது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல்தான் தெரிந்தது. ஆனால் தீட்டியவன் அவனல்லவா. ஒவ்வொரு எழுத்தையும் வளைத்த கை அவனுடையது. கோவிலில் ஜெபம் சொல்வதுபோலச் சொன்னான். பார்ப்பவன் கணக்கை அறியக் கூடாது. கணக்கு எழுதுபவன் உள்ளே பார்க்கக் கூடாது. காலையில் நிறுத்துகடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் வேலை தொடங்கக் கூடாது.

புரொபசர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, எழுதாமல், திரும்ப வைத்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்தார்.

"படிச்சிட்டான்" என்றார் தாழ்வாரத்தில் நின்றவரிடம்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ரீகர் கிரெனைப் பார்த்தார். கிரென் அவர் முகத்தை நேராகப் பார்த்தான், அப்படிப் பார்த்தால்தான் அது தெரியாது. அந்தக் காசு உபயோகப்பட்டது அந்த ஒருமுறைதான்.

ஒற்றைக்கண் வேலைக்காரனின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தவர் என்ற பெயர் ரீகருக்கு ஊரெல்லாம் பரவியது. அவருடைய அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று புரொபசர் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் அவரைத் தொடவில்லை. கிழக்கு எல்லையில், கலீசியாவின் ஒரு மூலையில் பள்ளிக்கூட வாத்தியார் வேலைதான் கிடைத்தது. புறப்பட்ட அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றம் வழியாக வந்தார். கிரென் கரி அள்ளிக்கொண்டிருந்தான்.

"வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"இருமல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, டாக்டர்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது கிரென் பதிலுக்கு முறைத்திருப்பான். மனிதர் மெய்யாகவே சொன்னார், அதுதான் அவனைப் பல வருஷம் தின்றது.

டிசம்பரில் புரொபசரின் கட்டுரை வியன்னாவிலிருந்து அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில், "கூடத்தின் பார்வையாளர் வி. கிரென் அவர்களின் ஒப்பற்ற கண்ணுக்கு நன்றி" என்று ஒரு வரி. வேலைக்காரன் பெயர் அப்படி அச்சேறி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. நோட்புர்கா அந்த வரியை வெட்டி மாதா படத்தின் கீழே செருகினாள். கிரென் அதன் எதிரே நின்று பார்ப்பான். பெயர் எங்கே இருக்கும் என்று தெரியும், பெயர் தெரியாது.

கதகதப்பான அந்த அறையில் நோட்புர்கா ஒரு குளிர்காலம் அதிகமாக இருந்தாள். 1914 பிப்ரவரியில் கண்ணை மூடினாள். கடைசி வாரத்தில், அவன் பக்கவாட்டில் பார்த்தால் முகம் தெரியும் என்பதற்காக, தலையணையில் தலையைச் சாய்த்தே வைத்துக்கொண்டாள். அடக்கம் முடிந்து வந்த அன்று, இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று கிரென் தன்னைக் கேட்டுக்கொண்டான். கேள்வி நல்ல கேள்வி. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பொய்யும் பழைய செருப்பு மாதிரிதான், காலுக்குப் பழகிவிட்டால் கழற்றத் தோன்றாது.

ஆகஸ்டில் போர் வந்தது. மாணவர்கள் போனார்கள். உலகமெங்கும் துளி அளந்தவர்கள் எல்லோருக்கும் முழுசே வந்தது, வைடிங்கரின் குருணையை வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேலி செய்யத் தொடங்கியிருந்தன. நவம்பரில், காலில் குண்டடிபட்டுத் திரும்பிய ஒரு மாணவன் கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, இறந்தவர் பட்டியலைக் கிரெனுக்குப் படித்துக் காட்டினான். நடுவில் ஓட்மார் ரீகர் பெயர் இருந்தது. கலீசியாவில் வாத்தியாராக இருந்த ஊரிலேயே பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்களாம், செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதாம். மாணவன் அடுத்த பெயருக்குப் போனான். கிரென் எழுந்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேலே ஆய்வறைக்குப் போனான்.

புரொபசர் குளிருக்குக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"அன்னிக்கு நான் படிக்கல, ஐயா" என்றான் கிரென். "ஒப்பிச்சேன். டாக்டர் சொன்னது நெஜம். கிரகணத்துலேருந்தே எனக்குக் கண்ணு இல்ல."

இரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் அதை இறக்கிவைத்துவிட்டு நின்றான். திட்டு விழும், துரத்துவார், போலீஸைக்கூடக் கூப்பிடலாம் என்று எதிர்பார்த்தான். துரத்தட்டும் என்றும் விரும்பினான்.

புரொபசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"நீதான். அந்த ஆகஸ்ட்ல பசை கொண்டுவந்து கொடுத்தியே, அதை வச்சு மூணாவது வரி மேல வேற வரி எழுதி ஒட்டினேன். நீ பழைய வரியைச் சொன்ன."

கிரென் பலகை இருந்த பக்கம் திரும்பினான். சாம்பல்தான்.

"அப்ப ஏன்யா அவரைப் போகவிட்டீங்க?"

"உனக்கு வீடு வேண்டியிருந்தது, எனக்கு அந்தக் குருணைக் கணக்கெல்லாம் வேண்டியிருந்தது" என்றார். பிறகு கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். "போ. நாளைக்குப் பத்து மணிக்குத் துளி பார்க்கணும்."

கிரென் உடனே போகவில்லை. சுவருக்குப் போய்ப் பலகையை விரலால் தடவினான். முதல் வரியில் அவனுடைய பெயிண்டின் மேடு தட்டுப்பட்டது, இரண்டாவதிலும். மூன்றாவது வரியில் வழவழப்பான தாள், ஓரத்தில் காய்ந்த பசை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரொபசரிடம் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் அந்த நொண்டி மாணவனை அழைத்துவந்து படிக்கச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு எதுவும் செல்லாது என்று எழுதியிருந்தது.

அன்று அவன் மூட்டை கட்டியிருக்கலாம். இனி யாருக்காகவும் அந்த அறைகள் தேவைப்படவில்லை. ஆனால் நாற்பத்தொன்பது வயதில், ஒரு கண்ணில் பித்தளையும் மறு கண்ணில் ஓட்டையுமாக எங்கே போவான் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைவிட, போய் யாரிடம் சொல்வான். கேட்டிருக்க வேண்டியவர் கலீசிய மண்ணுக்குள் இருந்தார்.

மறுநாள் காலை கரியை அள்ளிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பத்து மணிக்குத் திரைக்குள் போய் உட்கார்ந்தான். வெளியே ரீகரின் நாற்காலியில் அந்த மாணவன் இருந்தான். ரப்பர் உருண்டை சீறியது.

"தெளிச்சாச்சு" என்றான் மாணவன்.

குப்பியில் எண்ணெய் இருந்ததா என்று கிரென் கேட்கவில்லை. கண்ணை வைத்தான், விசையைத் திறந்தான், மனதுக்குள் எண்ணினான்.

"பதினெட்டு புள்ளி நாலு" என்றான்.